வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4: கவனம் சிதறாமல் படிக்க ஒரு முழு வழிகாட்டி

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். ஆறு மணி நேரம் என்பார்கள், எட்டு மணி நேரம் என்பார்கள். நேற்றுப் படித்த பாடத்தைப் புத்தகத்தைத் திறக்காமல் சொல்லுங்கள் என்றால் பேச்சு நின்றுவிடும். நூலகங்களில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருக்கும் பலருடைய உண்மையான சிக்கல் இதுதான். நேரம் போதாதவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இருக்கும் நேரம் எங்கே கரைகிறது என்று தெரியாதவர்கள் அவர்களைவிட அதிகம்.

வைராக்கியம், தன்னம்பிக்கை பற்றி இங்கே எதுவும் எழுதப்போவதில்லை. அதற்கு யூடியூபில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். என் கட்சி ஒன்றே ஒன்று: படிக்க உட்கார்ந்த பிறகு முடிவெடுக்க எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. எந்தப் பாடம், எந்தப் பக்கம், எந்த இடம், போன் எங்கே என்பதெல்லாம் முந்தைய இரவே தீர்ந்திருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் வருகின்றன.

முதலில் தேர்வின் அளவைப் பார்த்துவிடுவோம். பத்தாம் வகுப்புத் தரம். 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 வாங்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. 2024-இல் ஜூன் 9 அன்றும் 2025-இல் ஜூலை 12 அன்றும் தேர்வு நடந்தது. இவ்வளவு தெரிந்தால் போதும். கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்று கணிக்கும் காணொளிகளைப் பார்ப்பது படிப்புக் கணக்கில் சேராது.

முதல் படி: நேரத்தைத் தேடுவதற்கு முன் எழுதிப் பார்ப்பது

ஒரு துணிக்கடையில் பில் போடும் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பதரைக்குக் கடை. இரவு எட்டரைக்கு விடுவார்கள். பஸ்ஸில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்தால் பத்து மணி. இவரிடம் போய் தினமும் எட்டு மணி நேரம் படியுங்கள் என்று சொல்கிறவர் கடை வேலை பார்த்தவராக இருக்க முடியாது.

ஒரு வாரம், படிப்பதைப் பற்றி யோசிக்காமல், நடப்பதை மட்டும் ஒரு சின்ன நோட்டில் எழுதச் சொல்வேன். அரை மணிக்கு ஒரு வரி. கூட்டல் கழித்தல் வேண்டாம், குற்றவுணர்வும் வேண்டாம். வாரக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் இவர் நோட்டில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: காலை ஐந்தேகாலிலிருந்து ஆறே முக்கால் வரை வீடு அமைதி, அந்த நேரத்தில் பாதி நாள் தூக்கம், மீதி நாள் போன். காலை பஸ்ஸில் பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கிறது. இரவு பஸ்ஸில் கிடைப்பதில்லை. மதியம் இரண்டரைக்கு மேல் கடையில் கூட்டம் குறைகிறது. 2021-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பது கட்டாயம். உட்கார்ந்து பாடப் புத்தகம் படிக்க முதலாளி விடுவாரா என்பது வேறு விஷயம். ஆனால் சட்டைப் பையில் கேள்வி எழுதிய நாலு அட்டை வைத்துப் பார்த்துக்கொள்வதை யாரும் கவனிக்கப்போவதில்லை.

ஆக இவருக்குக் கிடைப்பது காலையில் ஒன்றரை மணி நேரம், பஸ்ஸில் நாற்பது நிமிடம், பகலில் உதிரியாகப் பதினைந்து நிமிடம். இரவு பத்து மணிக்கு மேல் உள்ளதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். நாள் முழுக்க நின்ற கால்களோடு அந்த நேரத்தில் திறக்கும் புத்தகம் தலையணையாகத்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றால் அது தனிக் கணக்கு. பிறகு வருகிறேன்.

இந்த ஒன்றரை மணி நேரத்தைக் காப்பாற்றினாலே பெரிது. ஆறு நாளுக்கு ஒன்பது மணி நேரம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ், சமூக அறிவியல் புத்தகங்களை முறையாக முடிக்க, பல மாதம் கையில் இருந்தால், இந்த அளவு நேரம் போதும்.

இரண்டாம் படி: எப்போது, எங்கே, எந்தப் பக்கம்

"நாளை முதல் நன்றாகப் படிக்க வேண்டும்" என்பது ஆசை. "காலை பல் தேய்த்துவிட்டு வந்ததும், சமையலறைப் பக்கத்து மேஜையில், பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் முதல் பாடத்தின் மூன்றாம் பக்கம்" என்பது திட்டம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இன்ன நிலை வந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள், வெறும் இலக்கை மட்டும் மனதில் வைத்திருந்தவர்களைவிட அதிகமாக அதைச் செய்து முடித்தார்கள் என்பதை 1999-இல் தொகுத்து எழுதினார்.

முடிச்சுப் போட ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கும் ஒரு காரியம் வேண்டும். கடிகார நேரத்தைவிட அதுவே மேல். ஐந்தேகால் என்று வைத்தால், ஐந்தரைக்கு எழுந்த அன்று "இன்றைக்கு நேரம் போய்விட்டது" என்று மனம் சாக்குச் சொல்லும். பல் தேய்ப்பது எந்த நாளும் நின்றுபோவதில்லை.

இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மேஜையில் நாளைக்குரிய புத்தகம் ஒன்று மட்டும், உரிய பக்கத்தில் திறந்து கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் நோட்டு, மூடி கழற்றிய பேனா, தண்ணீர்ச் சொம்பு. நோட்டின் தலைப்பில் நாளைக்கு விடை காண வேண்டிய ஒரே ஒரு கேள்வி. இதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். காலையில் தூக்கக் கலக்கத்தோடு வருகிறவர் ஐந்து புத்தகங்களுக்கு முன்னால் நின்றால் எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே இருபது நிமிடம் போகும். யோசித்துக் களைத்து, பிறகு போனை எடுப்பார்.

பழக்கம் ஒட்டிக்கொள்ள 21 நாள் போதும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் இருந்தவர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து, முடிவை 2010-இல் வெளியிட்டார்கள். ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்கு வர எடுத்துக்கொண்ட காலத்தின் நடு மதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். ஆகவே ஒரு மாதம் ஆகியும் காலையில் எழுவது கசக்கிறதே என்று கலங்க வேண்டாம். இன்னும் கசக்கும்.

வீட்டில் இடமே இல்லை என்றால் வெளியே தேடுங்கள். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. மதுரையில் நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பல நகராட்சிகளில் அறிவுசார் மையங்கள் வந்திருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடத்தும் இலவச வகுப்பையும் விசாரியுங்கள். கிளை நூலகத்தை நம்புகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பல இடங்களில் வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமைக்கென்று வேறு இடம் முடிவு செய்யாதவர் வாரத்துக்கு ஒரு நாளை அப்படியே விட்டுவிடுவார்.

மூன்றாம் படி: போன்

மற்ற எல்லாரையும்விடத் தேர்வுக்குப் படிக்கிறவருக்கு இந்தச் சிக்கல் கடினமானது. சினிமா பார்க்கிறேன் என்றால் தப்பு செய்கிறோம் என்று அவருக்கே தெரியும். டெலிகிராமில் நடப்பு நிகழ்வுகள் பிடிஎஃப் இறக்கினால் படிக்கிறோம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. எட்டுக் குழுக்களில் சேர்ந்து, ஒவ்வொன்றிலும் வரும் "மிக முக்கிய 500 வினாக்கள்" தொகுப்பை எல்லாம் சேமித்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பாதி, சமச்சீர்ப் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை வேறு எழுத்துருவில் அடித்தவை. அந்தப் புத்தகமோ பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

போன் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தாலே கவனத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது என்று 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டும் மற்றவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறகு வந்த எல்லா ஆய்வுகளிலும் அதே முடிவு வரவில்லை. ஆய்வை விடுங்கள். கை நீட்டும் தூரத்தில் இருந்தால் எடுப்பீர்களா, அடுத்த அறையில் இருந்தால் எடுப்பீர்களா? அதற்கு உங்களுக்கே விடை தெரியும்.

செய்ய வேண்டியவை இவ்வளவுதான். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்குங்கள். போன் இரவு சமையலறையில் சார்ஜ் ஏறட்டும். குழுக்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியிலிருந்து வெளியேறுங்கள். அறிவிப்பை நிறுத்தி வைப்பது போதாது, வெளியேற வேண்டும். போனில்தான் பார்த்தாக வேண்டிய பாடம் இருந்தால் அதற்கு இரவு பஸ் நேரத்தை ஒதுக்குங்கள், முந்தைய நாளே இறக்கி வைத்து, டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். காணொளி பார்த்தால் முடிந்தவுடன் அதிலிருந்து மூன்று கேள்விகள் எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அந்தக் காணொளியைப் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: உட்கார்ந்த நேரத்தில் என்ன செய்வது

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பெரும்பாலோர் படிக்கும் முறை: பாடத்தைப் படிப்பது, அடிக்கோடு போடுவது, மறுபடி படிப்பது, இன்னொரு நிறத்தில் அடிக்கோடு போடுவது. மூன்றாம் முறை படிக்கும்போது வரிகள் பழகிப்போயிருக்கும். பழகியதைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்வோம். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் தமிழ்நாட்டின் சமூக மாற்றங்கள் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கம் படியுங்கள், கையில் பேனா இல்லாமல். புத்தகத்தை மூடுங்கள். நோட்டில் நினைவுக்கு வந்ததை எல்லாம் எழுதுங்கள். நீதிக்கட்சி 1916, நாயர், தியாகராயர், நடேசனார் என்று நான்கு பெயரும் ஆண்டும் வரும். பிறகு நிற்கும். அந்த நிற்கும் இடம்தான் முக்கியம். உடனே புத்தகத்தைத் திறக்காமல் ஒரு நிமிடம் முட்டிப் பாருங்கள். 1920 தேர்தல் வரலாம், முதல் முதலமைச்சர் சுப்பராயலு வரலாம். வராவிட்டால் இப்போது திறங்கள். விட்டுப்போனதை மட்டும் வேறு நிறத்தில் எழுதுங்கள். உங்கள் அடிக்கோடு அதுதான்.

அடுத்து, அந்தப் பக்கத்திலிருந்து கேள்விகள் எழுத வேண்டும். "நீதிக்கட்சி எப்போது தொடங்கப்பட்டது" என்று எழுதினால் பயன் குறைவு, விடை ஒன்றுதான். குழம்பும் இடத்தில் கேள்வி வையுங்கள். 1924 என்றால் பணியாளர் தேர்வு வாரியமா, வைக்கம் போராட்டமா? இரண்டும் 1924-தான். சுயமரியாதை இயக்கம் 1925. பணியாளர் தேர்வாணையம் 1929. நீங்கள் எழுதப்போகும் தேர்வை நடத்தும் ஆணையத்தின் முன்னோடி அந்த 1929-இல் சென்னை மாகாணத்தில் அமைந்ததுதான் என்று தெரிந்துகொண்டால் அந்த ஆண்டு இனி மறக்காது. 1924, 1925, 1929 மூன்றையும் ஒரே அட்டையில் போட்டு "பொருத்துக" என்று எழுதிக்கொள்ளுங்கள். கேள்வித்தாளிலும் பொருத்துக வரும்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை பக்கம் முடியும் என்று கேட்பார்கள். இப்படிப் படித்தால் ஐந்தாறு பக்கம் முடிந்தாலே அதிகம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதே நேரத்தில் முப்பது பக்கம் புரட்டியிருப்பார். புரட்டட்டும்.

இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறையைப் பற்றியும் கேட்கிறார்கள். இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ சிரிலோ 1980-களின் பிற்பகுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கியது அது. உட்காரவே மனம் வராத நாளில் உதவும், இருபத்தைந்து நிமிடம்தானே என்று உட்கார்ந்துவிடலாம். ஆனால் ஒரு செய்யுளின் பொருளில் மனம் இறங்கிக்கொண்டிருக்கும்போது மணி அடித்து எழுப்புவது எனக்கு உடன்பாடில்லை. பாடம் முடியும் இடத்தில் எழுந்திருங்கள். எழுந்தால் முற்றத்துக்குப் போங்கள், போன் இருக்கும் சமையலறைக்கு அல்ல.

ஐந்தாம் படி: கல்யாணப் பத்திரிகையும் மூன்று ரப்பர் பேண்டும்

ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் நழுவியது. பொருளுள்ள பாடம் அவ்வளவு வேகமாகப் போகாது. ஆனாலும் எட்டுத்தொகை, பதினெண்கீழ்க்கணக்கு நூல்களின் ஆசிரியர், பாடல் எண்ணிக்கை போன்றவை கிட்டத்தட்டப் பொருளற்ற அசைகள்தான். நாலடியார் 400 என்பதைத் திரும்பப் பார்க்காமல் வைத்துக்கொள்ள வழியில்லை.

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்கும். கெட்டி அட்டை, ஒரு பக்கம் பெரும்பாலும் வெறுமை. நாலாக வெட்டினால் நாலு சீட்டு. மேல் பாதியில் கேள்வி, கீழ்ப் பாதியில் விடை, பார்க்கும்போது கீழ்ப் பாதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளலாம். காலையில் படித்த பாடத்திலிருந்து ஆறு முதல் எட்டுச் சீட்டு போதும். இருபது எழுத ஆரம்பித்தால் இரண்டு வாரத்தில் சீட்டு மலை சேர்ந்து, பார்க்கவே பயமாகிவிடும்.

மூன்று கட்டு, மூன்று ரப்பர் பேண்டு. முதல் கட்டை தினமும் பாருங்கள். இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை. மூன்றாவதை ஞாயிறு மட்டும். புதுச் சீட்டு முதல் கட்டில் நுழையும். சரியாகச் சொன்னால் அடுத்த கட்டுக்குப் போகும். தவறினால், மூன்றாம் கட்டில் இருந்தாலும், நேரே முதல் கட்டுக்குத் திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் ஐந்து அறைப் பெட்டியாகச் சொன்னதன் எளிய வடிவம் இது. துணிக்கடைப் பெண்ணின் காலை பஸ் நேரம் முழுக்க இதற்குத்தான். கடையில் உதிரி நேரத்துக்கு நாலு சீட்டு சட்டைப் பையில்.

விடையை வாய்க்குள் சொல்லிய பிறகே கட்டைவிரலை எடுக்க வேண்டும். "தெரியும், தெரியும்" என்று எடுத்துப் பார்ப்பதில் பயன் இல்லை.

ஆறாம் படி: கணக்குக்குத் தனி வழி

திறனறிவுப் பகுதியில் 25 கேள்வி, முப்பத்தேழரை மதிப்பெண். கணக்கு வராது என்று இதை ஒதுக்குகிறவர்கள் ஏராளம். ஆனால் தலைப்புகள் கொஞ்சம்தான்: சதவீதம், மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, காலமும் வேலையும், எண் தொடர்.

ஒரு தலைப்பில் முப்பது கணக்கு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது வழக்கம். முதல் ஐந்தில் முறை புரியும், மீதி இருபத்தைந்தும் கை வேலை. தேர்வில் தனிவட்டிக்குப் பக்கத்தில் கன அளவு வரும். இது எந்த வகைக் கணக்கு என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. 2007-இல் ரோரரும் டெய்லரும் வெளியிட்ட சோதனையில் மாணவர்கள் கன அளவுக் கணக்குகளைப் போட்டார்கள். வகைகளைக் கலந்து போட்டவர்கள் பயிற்சியின்போது அதிகம் தவறினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்களே முந்தினார்கள்.

ஆகவே முறை புரிந்ததும் கலந்துவிடுங்கள். தினமும் ஐந்து கணக்கு, ஐந்து தலைப்பிலிருந்து. ஒருவர் 12 நாளில் முடிக்கும் வேலையை இன்னொருவர் 24 நாளில் முடித்தால் சேர்ந்து 8 நாள் என்பதை வாய்பாட்டில் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல், முதலாமவர் ஒரு நாளில் இரண்டு பங்கு, இரண்டாமவர் ஒரு பங்கு, மொத்தம் 24 பங்கு என்றும் சொல்லிப் பாருங்கள். வாய்பாடு மறந்த நாளில் இது காப்பாற்றும்.

ஏழாம் படி: வீட்டில் பேசி முடிப்பது

படிப்பைக் கெடுப்பவை பட்டியலில் போனுக்கு அடுத்து வருவது "சும்மாதானே இருக்கிறாய்" என்ற சொல். வேலைக்குப் போகாமல் படிப்பவருக்கு இது தினமும் நாலு முறை விழும். ரேஷன் கடைக்குப் போக, கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க, தம்பியைப் பள்ளியில் விட, எல்லாவற்றுக்கும் ஆள் அவர்தான். திருமணமான பெண் என்றால் கேட்கவே வேண்டாம், அவர் புத்தகத்தைத் திறக்கும் நேரம்தான் எல்லாருக்கும் காப்பி தேவைப்படும் நேரம்.

கோபித்துக்கொள்வதால் ஒன்றும் ஆகாது. நாள் முழுதும் தொந்தரவு செய்யாதீர்கள் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் அது நடைமுறையில் புரியாது, ஒப்புக்கொண்டாலும் அரை நாளில் மறந்துவிடுவார்கள். கேட்க வேண்டியது குறிப்பாக இருக்க வேண்டும். "அத்தை, ஐந்தேகாலிலிருந்து ஆறே முக்கால் வரை என்னைக் கூப்பிடாதீர்கள். ஆறே முக்காலுக்கு நான் வந்து இட்லிக்கு வைத்துவிடுகிறேன். மாவு இரவே எடுத்து வெளியில் வைத்துவிடுவேன்." இதில் நேரம் இருக்கிறது, அந்த நேரம் முடிந்ததும் வருவேன் என்ற வாக்கு இருக்கிறது, அத்தைக்கு எழும் முதல் கேள்விக்கு விடையும் இருக்கிறது. பிறகு ஆறே முக்காலுக்கு எழுந்துவிட வேண்டும். இன்னும் பத்து நிமிடம் என்று இழுத்தால் அடுத்த வாரம் அந்த ஒன்றரை மணி நேரமும் போகும்.

கணவருக்கும் அண்ணனுக்கும் ஒரு வரி: குழந்தை அந்த நேரத்தில் எழுந்தால் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை, அதை உதவி என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் முடிக்காத வேலை நினைவு படிக்கும்போது நடுவில் எட்டிப் பார்க்கும். கரண்ட் பில் கட்டவில்லை, பிள்ளையின் நோட்டுக்கு அட்டை போடவில்லை. மேஜையில் ஒரு துண்டுத் தாள் வைத்து, வந்த நினைவை எப்போது செய்வீர்கள் என்பதோடு எழுதி ஓரமாகத் தள்ளுங்கள்: "கரண்ட் பில், கடை விட்டு வரும்போது." முடிக்காத காரியம் மனதை அரிப்பது, அதற்கு ஒரு திட்டம் போட்டவுடன் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதை 2011-இல் மசிகாம்போவும் பாமைஸ்டரும் சோதனைகளில் காட்டினார்கள். எழுந்துபோய் அந்த வேலையை முடித்துவிட்டு வர வேண்டிய தேவை இல்லை.

எட்டாம் படி: தூக்கம்

சுருக்கமாகச் சொல்கிறேன். காலை ஐந்தேகாலுக்கு எழ வேண்டுமென்றால் இரவு பத்தரைக்குள் படுக்க வேண்டும். தூக்கத்தை வெட்டிப் படிப்பவர் படித்ததையும் சேர்த்து வெட்டுகிறார். 1924-லேயே ஜென்கின்ஸ், டாலென்பாக் இருவரும் மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கியவர்களுக்கு, விழித்திருந்தவர்களைவிட அதிகம் நினைவில் நின்றதைக் காட்டினார்கள். மாலை நாலரைக்கு மேல் காப்பி வேண்டாம், அதன் பாதி வீரியம் தணியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கினால் நூலகத்தில் தலை கவிழ்த்து இருபது நிமிடம் தூங்குவதில் வெட்கம் இல்லை.

ஒன்பதாம் படி: கெட்டுப்போன நாளுக்கும் ஒரு திட்டம்

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் துணிக்கடைக்காரருக்குப் படிப்பு கிடையாது. பொங்கல், சொந்தத்தில் கல்யாணம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரத்தான் செய்யும். இப்படிப்பட்ட நாளுக்குக் குறைந்த அளவு ஒன்றை இப்போதே முடிவு செய்யுங்கள்: முதல் கட்டிலிருந்து பத்துச் சீட்டு. ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதுவும் முடியாவிட்டால் அன்று விடுமுறை, அவ்வளவுதான். மேலே சொன்ன லாலியின் ஆய்வில், ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை.

விட்டதைச் சேர்த்து மறுநாள் மூன்று மணி நேரம் படிக்கிறேன் என்று கிளம்புவதுதான் ஆபத்து. அது நடக்காது, நடக்காததால் இன்னும் ஒரு நாள் போகும். மறுநாள் வழக்கமான ஒன்றரை மணி நேரம், வழக்கமான அடுத்த பக்கம். கால அட்டவணையைத் திருத்தி எழுத உட்காராதீர்கள். புது அட்டவணை போடுவது, நாலு நிறப் பேனாவில் கட்டம் கட்டுவது எல்லாம் படிப்பைத் தள்ளிப்போடும் மிக மரியாதையான வழி.

பத்தாம் படி: ஞாயிற்றுக்கிழமை

தேர்வு காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை. உங்கள் மூளை அந்த நேரத்தில் மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்காரப் பழக வேண்டும். காலை ஐந்தேகாலுக்கு மட்டுமே படித்துப் பழகியவர் பதினொன்றரை மணிக்குத் துவண்டுபோவார். ஆகவே முதல் இரண்டு மாதம் ஞாயிறுதோறும் சீட்டுக் கட்டு பார்ப்பதும் விட்டுப்போன பாடமும். அதன் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு, கடைசி இரண்டு மாதம் எல்லா ஞாயிறும், பழைய கேள்வித்தாள் ஒன்று, ஒன்பதரை மணிக்கு, முழுதாக.

கறுப்புப் பால்பாயின்ட் பேனா, வட்டம் போட்ட விடைத்தாள் நகல், எதிரே சுவர்க் கடிகாரம். வட்டத்தை நிரப்பும் நேரத்தையும் சேர்த்தே மூன்று மணி நேரம். விடை தெரியாத கேள்வியை வெறுமனே விட முடியாது, "விடை தெரியவில்லை" என்பதற்கான ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வில் அந்த வட்டத்தை நிரப்புவதைவிட, இரண்டு விடைகளை நீக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றை நிரப்புவது லாபம்.

மதிப்பெண்ணைக் கூட்டி, குழுவில் போட்டு, யார் எவ்வளவு என்று பார்ப்பதோடு பலர் முடித்துக்கொள்கிறார்கள். மதியம் சாப்பிட்டு எழுந்ததும் தவறிய கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்றில் ஒரு குறி போடுங்கள். படிக்கவே இல்லை என்றால் "ப". படித்தும் மறந்தால் "ம". தெரிந்தும் அவசரத்தில் தவறினால் "அ". அதிகம் "ப" வந்தால் பாடம் மீதி இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, அந்தப் பாடங்களை வரும் வாரக் காலைகளுக்குப் பிரித்துப் போடுங்கள். அதிகம் "அ" வந்தால் "தவறான கூற்று எது", "பொருந்தாதது எது" என்று கேட்டதை "சரியானது எது" என்று படித்திருப்பீர்கள். அடுத்த தாளில் அந்தச் சொல்லை முதலில் வட்டமிட்டுவிட்டுத் தொடங்குங்கள். "ம" குறி போட்ட ஒவ்வொன்றுக்கும் அன்று மாலையே ஒரு சீட்டு எழுதி முதல் கட்டில் செருகிவிட்டு, திங்கட்கிழமைக்குரிய புத்தகத்தைப் பக்கம் பார்த்துத் திறந்து கவிழ்த்து வைத்துவிட்டுப் படுங்கள்.